பாரம் குறைந்த வீல் நட்: ஒரு பை கச்சான் கணக்கு

கனடாவில் இருக்கும் என் மச்சான் மார்கழியில் ஊருக்கு வருகிறான். "உன்ர விட்ஸ் காருக்கு என்ன வேணும், சொல்லு, கொண்டு வாறன்" என்றான். நான் வாயைத் திறக்க முன்னமே ஒரு படமும் வந்து விழுந்தது. சில்லைப் பூட்டுகிற வீல் நட், ஊதா நிறத்தில் பளபளக்கிற அலுமினியம், பெட்டிக்குள் 20. அடுத்த படத்தில் டைட்டேனியம் செட் ஒன்று, நெருப்பில் வாட்டியதுபோல நீலமும் மஞ்சளுமாக. கீழே ஒரு வரி: "சில்லுப் பாரம் குறைஞ்சால் கார் பறக்கும்."

கார் பறப்பது இருக்கட்டும். கிளிநொச்சியில் இப்போது இந்த நட் ஆசை நிறையப் பேரைப் பிடித்திருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் புதுக்கார் என்ற பேச்சே இல்லை. இருக்கிற பழைய காரைத்தான் கழுவி, மினுக்கி, ஒவ்வொரு சாமானாக மாற்றி ஆசையைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ரிம் மாற்றக் காசு காணாதவன் நட்டாவது மாற்றுவான். நானும் மாற்றினவன்தான். மாற்றிப் பிறகு கழற்றியும் எறிந்தவன். மச்சானுக்கு அந்தக் கதை தெரியாது.

அவனுக்குப் பதில் எழுத முதல் ஒழுங்காக ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். காரோடு வந்த இரும்பு நட்டையே வைத்திருப்பது, புது இரும்பு நட் போடுவது, அலுமினியம், டைட்டேனியம். இவற்றோடு, அதே காசை வேறு எதிலாவது போடுவது. இதில் ஏதோ ஒன்றுதான்.

முதலில் நிறுத்துப் பார்க்க வேண்டும் அல்லவா. வீட்டுத் தராசில் இவ்வளவு சின்னச் சாமான் சரிவராது. தெரிந்த நகைக்கடை ஒன்றுக்குப் போய், இதை ஒருக்கால் நிறுத்துத் தாங்கோ என்று நட்டை நீட்டினேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, உரசியும் பாக்க வேணுமோ?" என்றார். அவர் தராசில் விட்ஸின் கம்பனி நட் 48 கிராம் காட்டியது. சரியாக ஆறு பவுன். மூலையில் கிடந்த என்னுடைய பழைய அலுமினியம் நட் 21 கிராம். வித்தியாசம் 27. விட்ஸுக்குச் சில்லுக்கு நாலு நட், மொத்தம் 16. ஆகவே முழுக் காருக்கும் மிச்சம் 432 கிராம்.

முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வாங்குகிற கச்சான் பை, கொஞ்சம் பெரியதாக வாங்கினால், இந்தப் பாரம்தான் வரும். பெற்றோல் லீற்றருக்கு முக்கால் கிலோ அளவில் நிற்கும் என்பதால், அரை லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகத் தாங்கியில் குறைத்து அடித்தாலும் இதே பாரம் குறையும். அதற்குக் கனடாவில் இருந்து ஆள் வரத் தேவையில்லை.

"அது சும்மா பாரமில்லை, சுழலுகிற பாரம்" என்று விஷயம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். நியாயமான கதைதான். சுழலுகிற பாரத்தை முன்னுக்குத் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும், அதனால் இயந்திரத்துக்கு இரட்டை வேலை. ஆனால் அந்தப் பாரம் சில்லின் நடுவில் இருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பூங்காவில் பிள்ளைகளை வைத்துச் சுற்றும் இராட்டினத்தை யோசியுங்கள். பிள்ளைகள் விளிம்பில் இருந்தால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும். எல்லாரும் நடுத்தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால் ஒரு கையால் சுற்றலாம்.

நட் நடுத்தூணைக் கட்டிப்பிடித்த பிள்ளை. விட்ஸில் நாலு நட்டும் 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் நிற்கின்றன, அதாவது மையத்தில் இருந்து 50 மில்லிமீற்றர். ரயரின் விளிம்போ, 14 அங்குல ரிம்மில், கிட்டத்தட்ட 290 மில்லிமீற்றர் தள்ளி. தூரத்தின் வர்க்கத்தில் கணக்குப் போவதால், விளிம்பில் ஒரு கிராம் செய்கிற வேலைக்கு நட் இருக்கிற இடத்தில் முப்பத்துச் சொச்சம் கிராம் தேவை. ஒரு சில்லில் நாலு நட்டுக்கும் சேர்த்து 108 கிராம் குறைத்தோமே, அது ரயர் விளிம்பில் மூன்று கிராம் குறைத்ததற்குச் சமம். வீல் பலன்ஸ் பண்ணும்போது ரிம்மில் ஒட்டுகிற ஈயத் துண்டு ஐந்து கிராம்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். இந்த அளவு ரயர் ஒன்று புதிதில் இருந்து மொட்டையாகும் வரை தேய்ந்து இழக்கிற இறப்பர் ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும். அதுவும் முழுக்க விளிம்பில் இருந்து. அந்த ஒரு கிலோ குறைந்ததை ஓட்டுகிற எவரும் உணர்ந்ததாக நான் கேள்விப்படவில்லை. மாரியில் புதுக்குடியிருப்புப் பக்கம் உள்வீதியொன்றில் போய் வந்தால் ரிம்மின் உள்பக்கம் ஒட்டுகிற செம்மண் மட்டும் மூன்று கிராமைப்போலப் பல மடங்கு. முருங்கன் களி என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே வேகம், எண்ணெய்ச் செலவு, ஸ்டியரிங் இலகு என்று விற்கிறவர்கள் சொல்லும் எதுவும் எங்கள் கார்களில் நடக்காது. பாரத்துக்காக நட் மாற்றுகிற யோசனை நகைக்கடைத் தராசிலேயே முடிந்துவிட்டது.

அப்படியென்றால் நட்டில் பார்க்க வேண்டியது என்ன? அது இறுக்கிப் பிடிக்கிறதா என்பதை. பலர் நினைப்பதுபோல் சில்லு ஸ்டட்டில், அதாவது ஹப் என்ற நடுப்பாகத்தில் இருந்து நீட்டி நிற்கிற புரியாணியில், தொங்கிக்கொண்டு நிற்பதில்லை. நட் இறுகும்போது 12 மில்லிமீற்றர் ஸ்டட் றப்பர் நாடாபோலக் கொஞ்சம் இழுபடுகிறது. அது திரும்பிச் சுருங்கப் பார்க்கிற விசைதான் ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. டொயோட்டா விட்ஸ் வகைக்குச் சொல்லியிருக்கும் இறுக்கம் 103 நியூட்டன் மீற்றர். அந்த அளவுக்கு இறுக்கினால் ஒரு ஸ்டட்டில் ஏறக்குறைய நாலு தொன் இழுவை நிற்கும். அந்த நாலு தொன்னையும் பிடித்துக்கொண்டிருப்பது நட்டின் உள்ளே இருக்கிற சில புரிகள். இந்த வேலைக்கு 27 கிராம் குறைவாக இருப்பது ஒரு தகுதியா என்று யோசித்தால், அலுமினியம் பற்றி என் மனம் ஏன் மாறியது என்று விளங்கும்.

நல்ல அலுமினிய நட் கெட்ட சாமான் என்று சொல்லமாட்டேன். யப்பானில் பெயர் பெற்ற கம்பனிகள் துராலுமின் என்ற உறுதியான கலப்பில் செய்கின்றன. இறுக்குவதற்குப் போதிய பலம் அதற்கு உண்டு. ஆனால் அது பாவிக்கிறவனிடம் சில ஒழுக்கங்களைக் கேட்கும். கையால் சுற்றித் தொடங்க வேண்டும், இறுக்க அளவைக் காட்டுகிற டோர்க் ரெஞ்ச்சால் முடிக்க வேண்டும், காற்றில் ஓடி நட்டை முறுக்குகிற கன்னைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது, அடிக்கடி பார்க்க வேண்டும், புரி தேய்ந்தால் தயங்காமல் எறிய வேண்டும். கட்டுக்குருந்தவில் கார் ஓட்டப் போட்டிக்குப் போகிறவன், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சில்லைக் கழற்றிப் பூட்டுகிறவன், இதைச் செய்வான். நாங்கள்?

என் கதையைச் சொல்கிறேன். இணையத்தில் மலிவாக ஒரு செட் எடுத்தேன். பெயர் பெற்ற கம்பனியின் எழுத்து பொறித்திருந்தது. அந்த விலைக்கு அது அசலாக இருக்க முடியாது என்று இப்போது தெரிகிறது, அப்போது நிறம் கண்ணை மறைத்துவிட்டது. போட்டு ஒரு வருடம் ஆகியிருக்கும். இடையில் ஒரு ரயர்க் கடையில் காற்றுப் பார்க்கக் கொடுத்தபோது பெடியன் கன்னை வைத்து "டர்ர்" என்று நாலு சில்லையும் முறுக்கினான். நான் ரீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். குற்றத்தில் பாதி என்னுடையது.

பிறகு ஒருநாள் பின்னேரம், மழை இருட்டிக்கொண்டு வருகிறது, மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் பின்சில்லு காற்றுப் போய்விட்டது. இரண்டு பக்கமும் காடு. ஸ்பெயார் சில்லு இருக்கிறது, ஜக் இருக்கிறது, பிரச்சினை இல்லை என்று இறங்கினேன். மூன்று நட் எப்படியோ கழன்றது. நாலாவது அசையவில்லை. காலை வைத்து ஏறி நின்றேன். சத்தம் ஒன்று கேட்டது. நட் சுற்றவில்லை, ஸ்பனர்தான் சுற்றியது. ஆறு மூலையும் வழித்து நட் உருண்டையாகிவிட்டது. உழவு இயந்திரத்தில் வந்த ஒருவர் இறங்கிப் பார்த்தார். "அண்ணை, இது நட்டோ, விளையாட்டுச் சாமானோ?" என்று கேட்டுவிட்டு, தன் பெட்டியில் கிடந்த பழைய சின்ன சொக்கற் ஒன்றைச் சுத்தியலால் அடித்து ஏற்றி, பாதி முறுக்கி, பாதி உடைத்து எடுத்தார். ஸ்டட்டின் புரியும் போய்விட்டது. மூன்று நட்டோடு முப்பதில் உருட்டிக்கொண்டு முல்லைத்தீவு போய்ச் சேர்ந்தேன். அடுத்த நாள் ஹப்பில் இருந்து ஸ்டட்டை அடித்து இறக்கிப் புதிது போட்டதற்குக் கொடுத்த கூலியும் ஓடிய ஓட்டமும் நட் செட்டின் விலையைத் தாண்டிவிட்டன.

ஏன் இறுகியது? கன் ஒரு காரணம். இன்னொன்று உப்பு. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டு நிற்கிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும், வெள்ளைத் தூளாகப் பூத்துப் புரிக்குள் இறுகிப்போகும். நான் வேலைக்காகக் கிழமைக்கு இரண்டு தரம் ஆனையிறவு கடந்து போய் வருகிறவன். உப்பளக் காற்று, பிறகு முல்லைத்தீவுக் கடற்கரை, பிறகு மழை. மன்னாரில் இருப்பவர்களுக்கும் இதே பாடுதான். கடல் தெரியாத நெடுங்கேணியில் கார் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை குறையலாம், கன் பெடியனின் தொல்லை குறையாது.

பாரம் குறைந்த நட்டுகளில் இன்னொரு குணமும் உண்டு. பல 17 மில்லிமீற்றர் தலையோடு வரும், அல்லது தனிச் சாவி போட்டால்தான் சுற்றும். டொயோட்டாவின் கம்பனி ஸ்பனர் 21, ஹொண்டாவுக்கு 19. அந்தத் தனிச்சாவி வீட்டு மேசையில் கிடக்க நீங்கள் வெள்ளாங்குளம் றோட்டில் இரவில் நின்றால், போகிற வருகிற எந்த வாகனக்காரரிடமும் அதற்கு மாற்றுச் சாமான் இருக்காது. சாதாரண நாலு கை ஸ்பனர் என்றால் யாரிடமாவது இருக்கும். பத்து மைலுக்கு ஒரு கடை இருக்கிற ஊருக்கும் எங்கள் ஊருக்கும் இதுதான் வித்தியாசம்.

டைட்டேனியம் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. பலமானது, துருப்பிடிக்காது, உப்பைச் சட்டை செய்யாது. அலுமினியத்தில் நான் சொன்ன குறைகள் பாதிக்கு மேல் இதில் இல்லை. ஒரே அளவில் செய்தால் என் 48 கிராம் நட் 27 கிராம் அளவில் வரும், அதாவது அலுமினியத்தைவிடச் சற்றுப் பாரம். புரி ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொள்ளும் குணம் இருப்பதால் விசேட பசை பூசச் சொல்வார்கள். பசை பூசினால் வழுக்கும், வழுக்கினால் அதே 103 இல் ஸ்டட் கூடுதலாக இழுபடும், ஆகவே விற்கிறவன் தருகிற இறுக்க அளவைத்தான் பாவிக்க வேண்டும். இவ்வளவும் சரி, விலை? நாலு ரயரும் மாற்றுகிற காசு. நகைக்கடையில் வாங்கவேண்டிய சாமானை நான் நகைக்கடையில் நிறுத்ததில் தப்பே இல்லை.

இப்போது இரும்புக்கு வருவோம். இதில்தான் பேச விஷயம் இருக்கிறது, இதைப் பற்றித்தான் ஒருவரும் பேசுவதில்லை.

எங்கள் ஆட்களுக்கு நட் என்றால் புரி பிடித்தால் போதும். அந்தப் பழக்கம் வந்த வழியும் எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம், மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ், ஒஸ்ரின் ஏ40 கார்கள் வன்னி முழுக்கத் திரிந்தன. பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்போது உதிரிப்பாகத்துக்கு எங்கே போவது? அப்பாவின் காரில் ஒரு சில்லில் மூன்று சாதி நட் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஓடியது. ஆனால் அந்தக் கார் நாற்பதில் ஓடியது, இன்று ஏ9 பெருந்தெருவில் எல்லாரும் ஓடுகிற வேகம் வேறு.

இரும்பு நட் வாங்கும்போது இரண்டு விஷயம் பொருந்த வேண்டும். ஒன்று புரி. டொயோட்டா, ஹொண்டா, மிற்சுபிசி கார்களில் பெரும்பாலும் ஸ்டட் 12 மில்லிமீற்றர், புரிக்குப் புரி 1.5 மில்லிமீற்றர் இடைவெளி. சுசுகி, நிசானில் 12 தான், ஆனால் 1.25. இரண்டும் பார்வைக்கு ஒன்று. சுசுகி வேகன் ஆர் ஸ்டட்டில் டொயோட்டா நட்டைக் கன்னால் ஏற்றினால் ஏறுவதுபோல ஏறி இரண்டையும் கெடுத்துவிடும். அதனால்தான் எந்த நட்டையும் முதலில் விரலால் சுற்றுங்கள் என்பது. விரலுக்கு மறுத்தால் நிறுத்திவிட வேண்டும்.

மற்றது, நட் ரிம்மில் உட்காருகிற முகம். இதில்தான் எங்கள் பக்கத்தில் அதிகப் பிழை நடக்கிறது. ஹொண்டாவின் கம்பனி நட்டுக்கு அடிமுகம் பந்துபோல உருண்டை. கடையில் விற்கிற பிற கம்பனி அலோய் (அலுமினியக் கலப்பு) ரிம்களுக்குப் பெரும்பாலும் கூம்பு முகம், 60 பாகை. டொயோட்டாவின் கம்பனி அலோய்க்கு வருகிற நட் பலதில் வாஷர் வைத்துத் தட்டையாக உட்காரும். உருண்டை முகத்தைக் கூம்புக் குழியில் வைத்தால், மெல்லிய கோடு ஒன்றில் மட்டும் தொடும். இறுக்கும்போது இறுகியதுபோலத்தான் இருக்கும். கிரவல் வீதியில் நாலு நாள் குலுங்கினதும் தளரும். ஹொண்டா ஃபிட் காருக்கு அலோய் போட்டுப் பழைய நட்டையே திரும்பப் பூட்டிக்கொண்டு திரிகிறவர்கள் கிளிநொச்சியில் எத்தனை பேர் என்று எண்ணப் பயமாக இருக்கிறது. இவர்களுக்குத்தான் புது நட் கட்டாயம் தேவை. அதுவும் சாதாரண இரும்புக் கூம்பு நட், ஊதா நிறம் தேவையில்லை.

கம்பனி ரிம், கம்பனி நட், புரி சுத்தம், மூலை வழிக்கவில்லை என்றால் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். தொப்பி வைத்த நட் சிலதில் மேல் தகரம் உப்பித் தனியே சுற்றத் தொடங்கும், ஸ்பனர் ஒருநாள் ஏறும் மறுநாள் ஏறாது. அப்படியானால் அந்தச் செட்டை மாற்றிவிடலாம். புதியதைப் போடும்போது எத்தனை சுற்றுப் போகிறது என்று எண்ணுங்கள். 1.5 புரிக்கு முழுதாக எட்டுச் சுற்று, 1.25 க்கு ஒன்பது, பத்து. குறைந்தால் ஸ்டட் போதிய அளவு உள்ளே போகவில்லை.

புரிக்கு ஒயில், கிறீஸ் பூசுவது நல்லது என்று கராஜ் பாஸ்மார் (மெக்கானிக்மார்) சிலர் சொல்வார்கள். வேண்டாம். டைட்டேனியத்துக்குச் சொன்ன அதே காரணம்தான், வழுக்கல் கூடினால் ஸ்டட் தேவைக்கு மேல் இழுபட்டு நீளும். கம்பிப் புருசால் துருவைத் தேய்த்துவிட்டு உலர்வாகப் போடுங்கள்.

அப்போ அந்தக் காசை எங்கே போடலாம்? சில்லுப் பாரம்தான் உண்மையில் உறுத்துகிறது என்றால் ரிம்மைப் பார்க்க வேண்டும். விட்ஸின் இரும்பு ரிம்மில் இருந்து நல்ல இலேசான அலோய்க்குப் போனால் ஒரு சில்லிலேயே ஒன்றரை, இரண்டு கிலோ குறைய வழி உண்டு, அதுவும் நட்டைவிட வெளியே இருந்து. ஆனால் உள்வீதிகளில் ஓடுகிறவர் ஒன்றை யோசிக்க வேண்டும். இரும்பு ரிம் குழியில் விழுந்தால் நெளியும், பாஸ் சுத்தியலால் தட்டி நிமிர்த்தித் தருவார். அலோயில் வெடிப்பு விழும். ஏ9 இல் மட்டும் வவுனியா, யாழ்ப்பாணம் என்று போய் வருகிறவருக்கு அலோய் பாதகமில்லை. மல்லாவிக்கு உள்ளே வயல் பார்க்கப் போகிறவருக்கு நான் இரும்பையே சொல்வேன். அலோய் போட்டால், ரிம்மின் நடுத்துளைக்கும் ஹப்புக்கும் இடையில் உள்ள இடைவெளியை நிரப்புகிற வளையத்தையும் கேட்டு வாங்குங்கள். ஹப்பின் அளவு விட்ஸ், வேகன் ஆர் போன்ற சின்னக் கார்களில் 54.1 மில்லிமீற்றர், ஃபிட்டுக்கு 56.1. மலிவான சாமான், ஆனால் நடுக்கத்தில் பாதி அதோடு போய்விடும்.

எல்லாவற்றுக்கும் முதல் வாங்க வேண்டியது டோர்க் ரெஞ்ச். ஒரு அறுபது கிலோ ஆள் முப்பது சென்ரிமீற்றர் ஸ்பனரின் நுனியில் ஏறி நின்றால் 175 நியூட்டன் மீற்றருக்கு மேல் போகிறது. தேவை 103. அதே ஸ்பனர் நுனியில் 35 கிலோ பாரம் வைத்தாலே அந்த 103 வந்துவிடும், ஐம்பது கிலோ உரப் பையைக்கூட முழுதாக வைக்கக் கூடாது. எங்கள் ஊரில் ஏறி நின்று துள்ளுகிறார்கள். சில்லு மாற்றி நூறு கிலோமீற்றருக்குள் திரும்ப ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்வதற்கும் இந்த ரெஞ்ச் வேண்டும். கிளிநொச்சியில் பூட்டினால் வவுனியா போய் இறங்கியதும் பார்க்கலாம். சூடு ஆறட்டும், அதுவரை ஒரு ரீ குடியுங்கள்.

மச்சானுக்கு இவ்வளவும் எழுதவில்லை. "நட் வேண்டாம். அரை அங்குல டோர்க் ரெஞ்ச் ஒன்று, 40 இல் இருந்து 200 நியூட்டன் மீற்றர் வரை, 21 சொக்கற்றும் சேர்த்து" என்று மட்டும் அனுப்பினேன். "அது பாரமெல்லோ, பெட்டியில கிலோக் கணக்குப் பாக்கிறாங்கள்" என்று பதில் வந்தது. நட்டின் பாரத்தைக் குறைக்கச் சொன்ன அதே ஆள்தான். கடைசியில் சம்மதித்துவிட்டான். அயலில் இரண்டு பேருக்கு விஷயம் எப்படியோ தெரிந்து, ரெஞ்ச் வந்ததும் முதல் கிழமை தங்களுக்குத்தான் என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டார்கள். மூன்றாவது கிழமை எனக்கு.